பேஸ் மாடல் பிக்கப்புக்கு டாப் மாடல் முகப்பு: எது நேரா உட்காரும், எதுக்கு வயரிங் வேணும்?

பத்தாம்_நம்பர்

வண்டி டபுள் கேப் பிக்கப், பேஸ் வேரியன்ட். எச்4 ஹாலஜன் ஹெட்லைட் (டிம், பிரைட் ரெண்டும் ஒரே பல்புல), பெயின்ட் இல்லாத கறுப்பு பம்பர், கறுப்பு கிரில், ஃபாக் லைட் இடத்துல வெறும் மூடி. இதுல டாப் வேரியன்ட்டோட எல்இடி புரொஜெக்டர் ஹெட்லைட், குரோம் கிரில், பாடி கலர் பம்பர், ஃபாக் லைட் எல்லாம் ஏத்தணும். டாப் மாடல் பம்பர்ல பார்க்கிங் சென்சாருக்கு 4 ஓட்டை இருக்கு. என் வண்டியில சென்சாரும் கிடையாது, முன்னால போற வண்டியைப் பார்க்கிற ரேடாரும் கிடையாது.

எதெல்லாம் போல்ட் போட்டா முடிஞ்சுது, எதுக்கு வயரிங், எதுக்கு கோடிங் (வண்டி கம்ப்யூட்டர்ல செட்டிங் மாத்துறது)? பாகம் வாங்குறதுக்கு முன்னாடியே முழுசா தெரிஞ்சுக்கணும்.

குறடு

முதல்ல ரெண்டும் ஒரே ஃபேஸ்லிஃப்ட்தானான்னு (அதே தலைமுறைக்கு இடையில முகத்தை மாத்தி விடுற பதிப்பு) உறுதி பண்ணுங்க. "அதே தலைமுறை வண்டிதான்" என்பது போதாது. ஹைலக்ஸ்ல 2015-ல வந்த தலைமுறைக்கே 2020-ல ஹெட்லைட், கிரில், பம்பர் மூணும் மாறிடுச்சு. ஒண்ணை மட்டும் புதுசுல எடுத்தா பக்கத்துல இருக்கிற பழசோட ஓரம் சேராது. மூணையும் ஒரே செட்டா எடுக்கணும்.

அடுத்தது அகலம். சாதாரண டாப் வேரியன்ட் வேற, ஆஃப்ரோடு ஸ்பெஷல் வேற. 2018 ரேஞ்சர் ராப்டரோட டிராக் அகலம் (இடது, வலது சக்கரங்களுக்கு நடுவுல உள்ள தூரம்) மத்த ரேஞ்சரைவிட 150 மி.மீ. அதிகம், ஃபென்டரும் அதுக்கேத்த மாதிரி புடைச்சு வரும். அந்த பம்பரை சாதாரண ஃபென்டரோட சேர்த்தா ரெண்டு முனையும் வெளியே தள்ளி நிக்கும். ராப்டர் முகம் வேணும்னா ஃபென்டர், வீல் ஆர்ச் லைனர் வரைக்கும் மாத்தணும். அது வேற பட்ஜெட், வேற வேலை.

உங்களது ஒரே பாடி, ஒரே ஃபேஸ்லிஃப்ட்னா ஃபென்டர், பானெட், ரேடியேட்டர் சப்போர்ட் மூணும் பொதுவாத்தான் இருக்கும். ஹெட்லைட் போல்ட் ஓட்டைகளும் அதே இடம்தான்.

ஆட்கள் சிக்கிக்கிறது பம்பர்லதான். மேல்தோலை மட்டும் வாங்கிட்டு வந்துடுவாங்க. ஃபென்டர் ஓரத்துல பம்பரைப் பிடிக்கிற சைடு பிராக்கெட் இடது வலது, மேல் ரீடெய்னர், நடு சப்போர்ட், பம்பருக்குள்ள இருக்கிற இரும்பு பீமுக்கு முன்னாடி உட்கார்ற ஃபோம், ஃபாக் லைட்டைச் சுத்தி வர்ற பெசல், கீழ் ஏர் டேம், டோ ஹூக் மூடி, நம்பர் பிளேட் பிராக்கெட், இதெல்லாம் தனித்தனி பார்ட். சேசிஸ் நம்பரை வச்சு பார்ட்ஸ் கேட்டலாக்ல ரெண்டு வேரியன்ட் படத்தையும் பக்கத்துல பக்கத்துல திறந்து, ஒவ்வொரு பார்ட் நம்பரையும் ஒப்பிடுங்க. நம்பர் ஒண்ணா இருந்தா பழசே போதும். வேற நம்பர்னா வாங்கித்தான் ஆகணும், "கொஞ்சம் வளைச்சா சரியாகிடும்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. ஃபோம் தடிமன் மாறினா பம்பர் வாய் ஒரு பக்கம் பிதுங்கும், கிளிப் லாக் ஆகாது.

இரும்பு பீமைத் தொடாதீங்க. டாப் மாடல் பம்பர் இடிக்குதுன்னு பீம் நுனியை வெட்டுற வேலை கண்டிப்பா வேண்டாம். மோதல்ல விசை போற பாதை அது.

மல்டிமீட்டர்

போல்ட் வேலை பாதி நாள்ல முடியும். நேரம் பூரா ஹெட்லைட் வயரிங்தான் சாப்பிடும்.

உங்க எச்4-ல பின்பக்கம் 3 பின்: டிம், பிரைட், காமன். டாப் மாடல் எல்இடியில ஒரே பெரிய கப்ளர்ல டிம், பிரைட், டிஆர்எல் (பகல்ல எரியுற லைட்), பார்க், இண்டிகேட்டர், ஒளியை ஏத்தி இறக்குற லெவலிங் மோட்டார், எர்த்னு எல்லாம் சேர்ந்து வரும். சில மாடல்ல கூடவே லின் அல்லது கேன் சிக்னல் கம்பியும் (வண்டி கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற டேட்டா கம்பி) இருக்கும். சர்க்யூட் படம் இல்லாம 12 வோல்ட்டை ஒவ்வொரு பின்னா தொட்டுப் பார்க்காதீங்க. கேன் பின்ல நேரடி 12 வோல்ட் போனா உள்ள இருக்கிற டிரைவர் (எல்இடிக்கு கரண்ட் கொடுக்கிற சர்க்யூட்) காலியாகலாம்.

லைட் ரெண்டு வகை. டிரைவர் லைட்டுக்குள்ளயே இருந்து 12 வோல்ட்டும் எர்த்தும் கொடுத்தா எரியுற வகைக்கு அடாப்டர் வயரிங் போதும். பாடி கன்ட்ரோல் மாட்யூல் (லைட், இண்டிகேட்டரை இயக்குற கம்ப்யூட்டர்) லின் வழியா உத்தரவு கொடுத்தாத்தான் எரியும் வகைக்கு கோடிங் இல்லாம வேலை நடக்காது. எந்த வகைன்னு தெரியாம லைட் வாங்காதீங்க.

எச்4 வண்டியில ரெண்டு சிக்கல் ஒளிஞ்சிருக்கும்.

ஒண்ணு, எர்த் சுவிட்ச்சிங். பல ஜப்பானிய வண்டிகள்ல காமன் பின்லதான் 12 வோல்ட் வரும், டிம்மும் பிரைட்டும் எர்த் பக்கம் சுவிட்ச் ஆகும். பல்பைக் கழட்டிட்டு, சுவிட்சை டிம்ல வச்சு, மீட்டரோட கறுப்பு முனையை பாடியில பிடிச்சு மூணு பின்னையும் பாருங்க. காமன்ல 12 வோல்ட் காட்டி மத்த ரெண்டும் செத்துக் கிடந்தா எர்த் சுவிட்ச்சிங்தான். இதுல ரெடிமேட் அடாப்டரை நேரா சொருகினா எல்இடி எரியாது, இல்லேன்னா டிம்மும் பிரைட்டும் சேர்ந்து மங்கலா எரியும். காமன்ல இருந்து ரிலே காயிலுக்கு 12 வோல்ட், டிம் கம்பியில இருந்து காயிலோட மறுமுனை, இப்படி ரிலே வழியா திருப்பணும்.

ரெண்டு, எச்4-ல பிரைட் போட்டா டிம் அணைஞ்சிடும். ஒரே லென்ஸ்ல ரெண்டும் வர்ற பை-எல்இடி புரொஜெக்டர் அப்படி இல்ல. டிம் எரிஞ்சுக்கிட்டே இருக்கணும், பிரைட்டுக்கு உள்ள இருக்கிற தகடு மட்டும் சோலனாய்டால விலகும். பழைய வயரிங்கை அப்படியே கொடுத்தா பிரைட் போட்டதும் மொத்த லைட்டும் அணையும். பிரைட் வரும்போது டிம் ரிலேவும் பிடிச்சு நிக்குற மாதிரி ஒரு டையோடு சேர்க்கணும்.

பத்தாம்_நம்பர்

டிம்ல காமன் பின்ல 12 வோல்ட் காட்டுது, மத்த ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. அப்போ எர்த் சுவிட்ச்சிங்தானே? அப்புறம், ரெசிஸ்டர் போட்டா எல்லா எரரும் போயிடும்னு சொல்றாங்களே அண்ணே?

மல்டிமீட்டர்

எர்த் சுவிட்ச்சிங்தான்.

ரெசிஸ்டர் எதுக்குன்னு பார்த்துப் போடணும். மாட்யூல் கரண்ட்டைப் பார்த்துத்தான் பல்பு இருக்கா இல்லையான்னு முடிவு பண்ணுது. 55 வாட் ஹாலஜன் 13.5 வோல்ட்ல சுமார் 4 ஆம்ப் இழுக்கும். எல்இடி டிம் அதுல பாதிகூட இழுக்காத மாடல் நிறைய. உடனே "பல்பு பழுது"ன்னு டேஷ்போர்டு மீட்டர்ல வரும். இண்டிகேட்டர்ல இதே காரணத்தாலதான் படபடன்னு வேகமா அடிக்கும்.

இண்டிகேட்டருக்கு ரெசிஸ்டர் ஓகே. வழக்கமா 6 ஓம், 50 வாட். 13.5 வோல்ட்ல 2.25 ஆம்ப், அதாவது 30 வாட் சூடு. விட்டு விட்டு எரியுறதால தாங்கும். ஆனா அதை பிளாஸ்டிக்ல டேப் சுத்தி ஒட்டாதீங்க, வயர் கட்டோட சேர்த்தும் கட்டாதீங்க. ஹசார்ட் போட்டு அரை மணி நேரம் நின்னா உருகும். ரேடியேட்டர் சப்போர்ட் இரும்புல ஸ்க்ரூ போட்டு இறுக்கணும்.

டிம்முக்கு ரெசிஸ்டர் வேண்டாம். அது மணிக்கணக்கா எரியுற லைட், அந்தச் சூடு முழுக்க வீண். அதுவும் மாட்யூல் பல்ஸா வெட்டி வெட்டிக் கொடுக்கிற வண்டியில ரெசிஸ்டர் போட்டாலும் மினுமினுப்பு போகாது. ஹாலஜன் இழைக்கு அந்த வெட்டு தெரியாது, எல்இடி டிரைவருக்குத் தெரியும். பழைய டிம் கம்பியை ரிலேவைத் தூண்ட மட்டும் வச்சுக்கிட்டு, லைட்டுக்கான கரண்ட்டை பேட்டரியில இருந்து ஃப்யூஸ் போட்டு தனியா எடுங்க. பல்ஸ் வர்ற வண்டியில சாதா ரிலே கடகடன்னு அடிக்கும், அதுக்கு கெப்பாசிட்டர் வச்ச ஹார்னஸ்தான் (ரெடிமேட் வயர் கட்டு) எடுக்கணும்.

கோடிங்_மேசை

ரிலே, டையோடு, கெப்பாசிட்டர்... இவ்வளவும் சேர்த்தா நாளைக்கு பழுது வந்தா தேடுறவர் பாவம். மாட்யூல்ல "எல்இடி ஹெட்லைட் உண்டு"ன்னு மாத்தினா பல்ஸ், பல்பு சோதனை, இண்டிகேட்டர் வேகம் மூணும் ஒரே நேரத்துல ஒழுங்குக்கு வரும். வசதி இருக்கிற வண்டியில அதுதான் முறையான வழி.

ஃபோர்டு வண்டிகள்ல ஃபோர்ஸ்கேன் சாஃப்ட்வேர் வச்சு வீட்லயே பண்ணலாம். வேற சில கம்பெனிகள்ல சர்வீஸ் சென்டர் கருவி இல்லாம திறக்கவே முடியாது. எதுவானாலும் மூணு விஷயம்:

முதல் வேலை, இருக்கிற கான்ஃபிகரேஷனை அப்படியே சேவ் பண்ணி வேற இடத்துல ஒரு நகல் வைக்கிறது. எழுதும்போது பேட்டரி சார்ஜர் இணைப்பில இருக்கட்டும். இக்னிஷன் ஆன்ல வோல்டேஜ் இறங்கிக்கிட்டே போய் பாதியில நின்னா மாட்யூல் எழுந்திருக்காமப் போகலாம். ஒரு மாற்றம் எழுதி, சோதிச்சு, அப்புறம் அடுத்தது. ஹெட்லைட், ஃபாக், சென்சார்னு மூணையும் ஒரே மூச்சுல மாத்திட்டு எரர் வந்தா எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாது.

மல்டிமீட்டர்

ஒத்துக்கிறேன், ஆனா எல்லா பேஸ் மாடல் மாட்யூலும் டாப் மாடல் மாட்யூல் இல்ல. செலவு குறைக்க சில அவுட்புட்டுக்கான பாகத்தையே போர்டுல வைக்காம விட்டிருப்பாங்க. கோடிங் ஏறும், பின்ல வோல்டேஜ் வராது. மாட்யூல் பார்ட் நம்பர் ரெண்டு வேரியன்ட்டுக்கும் ஒண்ணான்னு பார்க்கணும். எர்த் சுவிட்ச்சிங் எச்4 வண்டியில பல நேரம் மாட்யூல் டிம்மைக் கண்காணிக்கிறதே இல்ல, அங்க ரிலே ஹார்னஸ்தான் சுலபம். பத்தாம்_நம்பர் வண்டி அந்த வகை.

கோடிங்_மேசை

சரி, அவர் வண்டிக்கு ரிலே. ஆனா ஃபாக் லைட்டுக்கு கம்பெனி பம்பர் ஹார்னஸையே வாங்கச் சொல்லுங்க. பம்பருக்குள்ள போற வயரிங் பல பிக்கப்புகள்ல தனி துண்டு, ஃபென்டர் பக்கத்துல ஒரே கப்ளர்ல மெயின் வயரிங்கோட சேரும். டாப் மாடல் துண்டுல ஃபாக், சென்சார், வெளி வெப்பநிலை சென்சார் எல்லா கிளையும் ரெடியா இருக்கும்.

வாங்கும் முன்னாடி மெயின் பக்க கப்ளரைக் கழட்டி முகத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. ஃபாக் லைட் குழியில பித்தளை பின் தெரியுதா, இல்ல பிளாஸ்டிக் மட்டும் தெரியுதா? குழி இருக்கும், பின் இருக்காது, இது பேஸ் மாடல்ல சகஜம். பின் இருந்தா சுவிட்சும் ரிலேயும் ஃப்யூஸும் போட்டா முடிஞ்சுது. இல்லேன்னா அந்தக் குழிக்கு மட்டும் ஃப்யூஸ் பாக்ஸ்ல இருந்து கம்பி இழுத்து, அதே அளவு டெர்மினல் கிரிம்ப் பண்ணிச் சொருகணும். சால்டர் மட்டும் வச்சு விடாதீங்க, பிக்கப் அதிர்வுக்கு சால்டர் முடியுற இடத்துல கம்பி ஒடியும்.

ஹாலஜன் ஃபாக் 55 வாட் ரெண்டு, மொத்தம் 110 வாட், 12 வோல்ட்ல 9 ஆம்ப்புக்கு மேல. 15 ஆம்ப் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. கம்பி போதும். ரிலேல 30-க்கு ஃப்யூஸ் வழி பேட்டரி, 87-ல இருந்து லைட், 85-86 சுவிட்சுக்கு. சுவிட்ச் கரண்ட்டை பார்க் லைட்டுல இருந்து எடுத்தா, பார்க் லைட்டை அணைச்சதும் ஃபாக்கும் அணைஞ்சிடும்.

டிங்கர்_டேபிள்

மாட்டுற வரிசை சொல்றேன், அதை மாத்துனா இடைவெளி நிக்காது.

பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு உடனே கையை வைக்காதீங்க. டொயோட்டா கையேட்டுல ஏர்பேக் பகுதிக்கு 90 விநாடி காத்திருக்கச் சொல்றாங்க, சில கம்பெனி அதைவிட அதிகம். முன் மோதல் சென்சார் ரேடியேட்டர் சப்போர்ட்ல இருக்கும். அதைக் கழட்டாம வேலை முடியும்னா கழட்டாதீங்க. கழட்ட வேண்டி வந்தா அதுல உள்ள அம்புக்குறி திசை மாறாம, கையேடு சொல்ற டார்க்ல (இறுக்குற விசை அளவுல) திருப்பிப் போடணும். இம்பேக்ட் ரெஞ்ச் பக்கத்துலயே வரக்கூடாது.

பழைய பம்பரைக் கழட்டும்போது ஃபென்டர் ஓரத்துல வீல் ஆர்ச் உள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு ஸ்க்ரூவை மறந்துட்டு இழுக்கிறதுதான் வழக்கமான தப்பு. சைடு பிராக்கெட் காது அங்கதான் உடையும். ஃபென்டர் லைனரை ஒரு ஜாண் விலக்கிப் பார்த்துட்டு இழுங்க. பம்பரை முன்பக்கமா இழுக்கக் கூடாது, ஃபென்டர் ஓரத்துல பக்கவாட்டுல தட்டி லாக்கை விடுவிச்சு, அப்புறம் முன்னால.

மாட்டும்போது முதல்ல ஹெட்லைட். போல்ட் எல்லாம் கையால மட்டும். ஃபென்டருக்கும் லைட்டுக்கும் இடைவெளி மேல இருந்து கீழ் வரை ஒரே அளவா வர்ற வரைக்கும் நகர்த்தி, அப்புறம் இறுக்கணும். எம்6 போல்ட், பிளாஸ்டிக் காது, 10-ம் நம்பர் ஸ்பேனரை மணிக்கட்டால திருப்புற அளவு போதும். பானெட்டை மெதுவா இறக்கி லைட் மேல இடிக்குதான்னு பாருங்க. பானெட் உயரத்தை ரப்பர் ஸ்டாப்பரைத் திருகி சரி பண்ணலாம், லைட்டை அமுக்கி சரி பண்ணக் கூடாது. அடுத்து கிரில். கடைசியா பம்பர், நடுவுல இருந்து ரெண்டு பக்கமும். முதல்ல பம்பரை இறுக்கிட்டு ஹெட்லைட்டை நுழைச்சா எப்பவும் ஒரு பக்கம் 3 மி.மீ., மறுபக்கம் 8 மி.மீ.தான்.

கிளிப் 20 கூடுதலா வாங்கி வச்சுக்குங்க. பழைய கிளிப் கழட்டும்போதே பாதி போகும்.

பழைய பாகம் வாங்கினா லைட்டோட மேல் காதையும் உள் காதையும் விரலால அசைச்சுப் பாருங்க. மோதின வண்டியில லென்ஸ் பளபளன்னு இருக்கும், பின்னாடி காது விரிசல் விட்டு பசை போட்டு ஒட்டியிருக்கும். அது மாட்டும்போது நிக்கும், குண்டு குழி ரோட்டுல ஆடும், ஒளி குதிக்கும். லென்ஸ் ஓரத்துல உள்பக்கம் தண்ணி வடிஞ்ச கோடு தெரிஞ்சா சீல் போயிடுச்சு.

பெயின்ட்: சொரசொரப்பான கறுப்பு பம்பரை பெயின்ட் அடிச்சு டாப் மாடல் ஆக்க முடியாது, சொரசொரப்பு பெயின்ட்டுக்கு மேல தெரியும். வழவழப்பான தோலே வாங்கணும். சோப்புத் தண்ணியில கழுவி, ஸ்கஃப் பேட் தேய்ச்சு, பிளாஸ்டிக் பிரைமர், பிறகு கலர், கிளியர். பிளாஸ்டிக் பிரைமரைத் தவிர்த்தா முதல் பிரஷர் வாஷ்லயே ஏடு ஏடா உரியும். வண்டியில மாட்டுறதுக்கு முன்னாடியே அடிச்சு முடிங்க.

காற்றோட்டம்

யாரும் சொல்லாதது: ரேடியேட்டர் ரெண்டு பக்கமும் இருக்கிற பிளாஸ்டிக் காற்றுத் தடுப்பு. பம்பர் மாத்தும்போது "இது எதுக்கு, பொருந்தலையே"ன்னு தூக்கிப் போடுறாங்க. அது இல்லேன்னா கிரில் வழியா வர்ற காத்து ரேடியேட்டர் ஊடா போகாம பக்கவாட்டுல தப்பிச்சிடும், சூடான காத்து முன்னாடி சுத்தி வரும். வெறும் வண்டியில தெரியாது. லோடு ஏத்தி, ஏசி போட்டு, ஏத்தம் ஏறும்போது டெம்பரேச்சர் ஊசி சொல்லும். கீழ் ஏர் டேமும் இதே ஜாதிதான், அழகுக்கு இல்ல.

வெளி வெப்பநிலை சென்சாரையும் பழைய இடத்துலயே கிளிப் பண்ணுங்க. கம்பி எட்டலன்னு ரேடியேட்டர் பக்கமா தொங்கவிட்டா டேஷ்போர்டுல வெப்பநிலை தப்பா காட்டும், ஆட்டோ ஏசியும் குழம்பும். கிரிலுக்குப் பின்னாடி தானா திறந்து மூடுற ஷட்டர் உங்க பேஸ் மாடல்ல இருந்தா அதையும் கூடவே கொண்டு போகணும். கப்ளரைக் கழட்டி விட்டா செக் எஞ்சின் வரும்.

பத்தாம்_நம்பர்

ஷட்டர் இல்ல. பம்பரோட 4 சென்சார் ஓட்டையை என்ன பண்றது? ரேடார் உள்ள மாடலுக்கான கிரில் லோகோ வாங்கலாமா? ஹெட்லைட் வேற நாட்டு மாடல்ல இருந்து எடுத்தது ஒண்ணு கிடைக்குது, அது ஓகேவா?

குறடு

சென்சார் ஓட்டை: சென்சார் இல்லாத பம்பர் தோலே தனி பார்ட் நம்பர்ல இருக்கும், அதைக் கேளுங்க. ஓட்டை போட்டதுதான் கிடைக்குதுன்னா மூடி வச்சு அடைச்சுடலாம். முன் சென்சாருக்கு மாட்யூல், சுவிட்ச், பஸர், கோடிங் நாலும் வேணும். பின்னால பெயின்ட் அடிச்சுக்கலாம்னு சென்சாரை மாட்டினா அதோட முகத்துல பெயின்ட் தடிமன் ஏறி வேலை செய்யாமப் போகலாம்.

லோகோ: ரேடார் இல்லாத வண்டிக்கு எந்த லோகோவும் சரிதான். திருப்பிப் போட்டாத்தான் ஆபத்து. ரேடார் இருக்கிற வண்டியில சாதா குரோம் லோகோவோ டூப்ளிகேட் கிரிலோ போட்டா 76-77 கிகாஹெர்ட்ஸ் அலையை உலோகப் பூச்சு மறைக்கும், க்ரூஸும் ஆட்டோ பிரேக்கும் அணைஞ்சுடும், அல்லது தப்பாப் பார்க்கும். அங்க ஒரிஜினல் லோகோ, பிறகு காலிபிரேஷன், ரெண்டும் கட்டாயம்.

மல்டிமீட்டர்

வேற நாட்டு ஹெட்லைட்டுக்கு லென்ஸ்ல இருக்கிற குறியைப் படிங்க. இடப்பக்கமா ஓட்டுற நாட்டுக்கான ஈ-மார்க் (வட்டத்துக்குள்ள E எழுத்து உள்ள அங்கீகாரக் குறி) லைட்ல, லைட்டுக்கு எதிர்ல நின்னு பார்த்தா வலதுபக்கம் காட்டுற அம்புக்குறி இருக்கும். ரெண்டு பக்கமும் காட்டுற அம்புன்னா ரெண்டுக்கும் மாத்திக்கலாம். அம்பே இல்லேன்னா வலப்பக்கமா ஓட்டுற நாட்டு லைட். அந்த ஒளி கோடு வலதுபுறம் மேல ஏறும். இடப்பக்கமா ஓட்டுற ஊர்ல அது நேரா எதிர் வண்டிக்காரர் கண்ணுல. கீழ இறக்கி வச்சா சரியாகும்னு நினைக்காதீங்க, இறக்கினா உங்க பக்க ரோடும் இருட்டாகும்.

மாட்டி முடிச்சதும் ஒளி உயரம் வைக்காம ரோட்டுல இறக்காதீங்க. டயர் காத்து சரி, டீசல் பாதிக்கு மேல, டிரைவர் சீட்ல ஒருத்தர், சமதளம், சுவருக்கு 10 மீட்டர். லெவலிங் டயல் 0. லென்ஸ் நடுவுல இருந்து தரைக்கு உள்ள உயரத்தை அளந்து சுவர்ல கோடு போடுங்க. வண்டியில லைட் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர்ல சதவீதம் அச்சாகியிருக்கும். 1 சதவீதம்னா 10 மீட்டர்ல 10 செ.மீ. கீழ, 1.3-னா 13 செ.மீ. டிம்மோட வெட்டுக்கோடு (வெளிச்சமும் இருட்டும் பிரியுற கோடு) அங்க நிக்கணும். ஒரு லைட்டை அட்டையால மூடி மத்ததை வைங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல பார்த்தா ஏமாத்தும்.

பிக்கப்புக்கு லெவலிங் ரொம்ப முக்கியம். பின்னால லோடு ஏறினா லீஃப் ஸ்பிரிங் இறங்கி மூக்கு தூக்கும். டாப் மாடல் லைட் பின் ஆக்சில் உயர சென்சாரைப் பார்த்து தானா இறங்குற வகைன்னா அந்த சென்சார் உங்க வண்டியில இருக்காது. வாங்கும் முன்னாடி இதைக் கேட்டுருங்க. சாதா மோட்டார் உள்ள லைட்னா பழைய லெவலிங் கம்பியை அடாப்டர்ல சேர்த்துடலாம், டயல் வேலை செய்யும்.

பத்தாம்_நம்பர்

லைட் கப்ளர் லேபிள்ல லெவலிங்குக்கு 3 பின் தனியா காட்டுது, உயர சென்சார் பேச்சே இல்ல. அப்போ சாதா மோட்டார்தானா?

மல்டிமீட்டர்

3 பின்ல 12 வோல்ட், எர்த், டயல் சிக்னல்னு இருந்தா சாதா மோட்டார்தான். பழைய எச்4 லைட் பின்னாடி இருக்கிற லெவலிங் கப்ளர்ல டயலை 0-ல இருந்து கடைசி எண் வரைக்கும் திருப்பிக்கிட்டே சிக்னல் கம்பியில வோல்டேஜ் அளந்து குறிச்சுக்குங்க, படிப்படியா மாறணும். புது லைட்டுல மாட்டினப்புறம் டயலைத் திருப்பினா சுவர்ல வெட்டுக்கோடு கீழ இறங்கணும். மேல ஏறினா மோட்டார் சிக்னல் தலைகீழ் வகை, வேற வேரியன்ட் லைட். அதை வச்சுக்காம கழட்டித் திருப்பிக் கொடுங்க.